செவ்வாய்க்கிழமைச் சுத்தம்

பேராசிரியர் எனக்குப் போட்ட விதி ஒன்றே ஒன்றுதான்: நாம் எந்த நாள் வருகிறோம் என்று தொழிற்சாலைக்குத் தெரியக்கூடாது. கொள்ளைநோய் எந்தத் தெருவில் அதிகம் என்று கணக்கெடுப்பார்கள் அல்லவா, அதே முறையில் குப்பையாகக் கிடக்கும் இடத்தில்தான் ஆட்கள் அதிகம் அடிபடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். புக்கிட் தெங்காவில் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்று. வாரம் ஒருமுறை போய் ஒவ்வொரு மெஷினைச் சுற்றியும் கிடக்கும் எண்ணெய், தகட்டுத் துண்டு எல்லாம் பார்த்து, சுத்தத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவது என் வேலை. யாராவது அடிபட்டால், அதே வேலை செய்தும் அடிபடாத இருவரின் இடத்தோடு அவர் இடத்தை ஒப்பிட வேண்டும்.

தீவில் நான் தங்கியிருந்த ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ், கடலைக் கடக்க ஃபெரி, மறுபடி பஸ். சொல்லாமல் வந்தேன் என்று காவலாளி என்னை வெயிலில் நிற்க வைத்தார். இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு தொழிற்சாலை ஆபீசுக்குப் போன் செய்து, இனிமேல் செவ்வாய் பத்து மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டேன். பேராசிரியரிடம் மூச்சு விடவில்லை. கேட் உடனே திறந்தது, மார்க்கும் ஏறியது. ஊரே திருந்திவிட்டது என்று மகிழ்ந்த முட்டாள் நான்.

அங்கே தகடு அழுத்தும் மெஷினில் ஓர் அக்கா. நான் போனால் முதலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரு தங்கச்சி" என்பார். ஒரு செவ்வாய் அவர் இல்லை. அன்று காலை நான் வருவதற்குள் சுத்தமாக்க, ஓடும் மெஷினுக்குள் கைவிட்டுத் துண்டுகளை வழித்திருக்கிறார். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. தரையைக் கழுவி வைத்திருந்தார்கள். மார்க் படிவத்தில் பத்துக்குப் பத்து போட்டேன். வேறு என்ன போடுவது? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அந்தக் குரங்கு நான்தான்.

என் போன்தான் அந்த விரல்களைத் தின்றது என்று சொல்லிவிடத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலருகே போய் நின்றேன்.

அக்காதான் முதலில் பேசினார். "சுத்தம் பண்ணணும்னா மெஷின நிறுத்தணும். நிறுத்துனா சூப்பர்வைசர் ஏசுவாரு. நீயும் பத்து மணிக்கு வந்துருவே, அதான் அவசரப்பட்டுட்டேன் லா. எங்க மெஷினுக்கு எத்தன மார்க் போட்டே?"

"பத்து, அக்கா."

"அப்ப சரி."

நான் அழுதேன். தன் வலியைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். "ஏன் நின்னுக்கிட்டு இருக்கே, உக்காரு தங்கச்சி" என்று, கட்டுப் போட்ட கையாலேயே ஸ்டூலை இழுக்கப் பார்த்தார்.