துணி வரியும் எங்கள் அப்பாவின் பெயரும்

எங்கள் அப்பா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்த நினைவு மலருக்கு எழுதும் பொறுப்பு என்னுடையது என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை.

அப்பா களுதாவளையில் பிறந்தார். சிறு வயதிலே தகப்பனை இழந்து, பிறர் கடையில் துணி மடித்து வளர்ந்தார். மணமான பின் சொந்தமாக மூட்டை கட்டி, தோணியில் வாவியைக் கடந்து மேற்குக் கரையான படுவான்கரை வயல் ஊர்களில் விற்றார். அறுவடை முடிந்ததும் நெல்லுக்குச் சேலை கொடுப்பார். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்தித் திருவிழாவுக்கு அங்குள்ள பெண்கள் புதுச்சேலை உடுத்தே போவார்கள். ஜப்பான் சேலை மலிவாக வந்தபடியால் கூலிக்குக் கதிர் அறுப்பவளுக்கும் அது கிடைத்தது.

அம்மாவின் தமையனார், பட்டினத்தில் பெரிய துணிக்கடை வைத்திருக்கும் எங்கள் மாமா, ஒருநாள் வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், பிறநாட்டுத் துணிக்கு வரி போடச் சொல்லிக் கூட்டம் வைக்கிறம். நீங்க ஒரு சொல் பேசணும். படுவான்கரைச் சனம் உங்கட பேச்சத்தான் கேக்கும்."

"விலை ஏறாதா?"

"கொஞ்ச நாளைக்குத்தான். நம்மட தறிக்காரன் பிழைக்க வேணாமா? நான் உங்களுக்குப் பொய் சொல்லுவனா?"

அப்பா நம்பினார். கூட்டத்தில் பேசினார்.

வரி வந்தது. தறிக்காரர் பிழைக்கவில்லை, அவர்களுடைய நூலும் கப்பலில்தான் வந்தது, அதன் விலையும் ஏறியது. வெள்ளைக்காரரின் சீமைத் துணிக்கு வரி குறைவாகவே இருந்தது. மாமாவோ வரிக்கு முன்பே கிட்டங்கி நிறைய ஜப்பான் துணியை வாங்கி அடுக்கியிருந்தார். அதைப் புது விலைக்கு விற்றார். அவரிடம் துணி வாங்கும் அப்பாவுக்கும் அதே விலைதான்.

அவ்வாண்டு குளிர்த்திக்கு அப்பாவோடு நானும் போனேன்.

"வரி கேட்ட பெரிய மனிசன் வாறார், வழி விடுங்ககா!" என்றாள் ஒருத்தி. யாவரும் சிரித்தார்கள்.

இன்னொருத்தி சிரிக்கவில்லை. "எனக்கும் மகளுக்கும் ஒரு சேலைதான், அண்ணன். அவள் கோயிலால வந்தாத்தான் நான் போகலாம்."

அப்பா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கோயில் முன்றிலில் எல்லாரும் கேட்கச் சொன்னார்:

"நான் பேசினது பிழை. வரியக் கப்பல்காரன் கட்டல்ல, உடுக்கிற நீங்கதான் கட்டுறீங்க. சேலைக்குக் கூடக் குடுத்தா மண்வெட்டி வாங்க என்ன மிஞ்சும்? அப்ப கொல்லனுக்கும் வேலையில்ல. மலிவா வாறதத் தடுத்து ஊர் வாழாது."

செய்தி அவருக்கு முன்னே வீட்டை அடைந்தது. மாமா முற்றத்தில் நின்றார்.

"சொந்தக்காரன ஊர் முன்னால விக்கிறதா, மச்சான்?"

"வித்தது நீங்க," என்றார் அப்பா.

அன்றோடு மாமா துணி கொடுப்பதை நிறுத்தினார். அப்பா வேறு கடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, கிடைத்த விலைக்கே கொடுத்து வந்தார். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு படுத்தவர் எழும்பவில்லை.

காய்ச்சலில் கிடந்தபோது மருந்து கொண்டுவந்த பரியாரியாருக்கும், கூலி வாங்காமல் ஆட்களை ஏற்றி வந்த தோணிக்காரருக்கும், வாவி கடந்து வந்து எங்களோடு அழுத படுவான்கரைப் பெண்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

அப்பாவை 'உள்ளூர்த் தொழிலுக்கு வரி கேட்டுப் போராடியவர்' என்று எழுதும்படி மாமா சொல்லி அனுப்பினார். நான் எழுதவில்லை. கூடப் பிறந்தவர் என்பதால், அவருக்கும் ஒரு வரி நன்றி எழுதும்படி அம்மா கேட்டார். அம்மாவின் சொல்லை நான் மீறுவது இதுவே முதல் முறை.