சந்திரம்மாளின் எலி

"ஏண்டி தனம், ஸ்டோருக்குள்ள ஏதோ உருட்டுது. எலியான்னு பாத்துட்டு வா."

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொல்கிறார் சந்திரம்மாள். தனம் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அறைக்குள் போகிறாள். கதவு சாத்திக்கொள்கிறது. இனி அரை மணி நேரம் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் முறம் நின்றுவிடும். சந்திரம்மாள் நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வைக்குச் சமையற்காரரே பயப்படுவார்.

அறையில் எலி கிடையாது. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நான்கு காலிச் சாக்குகள் விரித்திருக்கின்றன. தூங்கலாம், அழலாம், சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம். என்ன செய்தாய் என்று சந்திரம்மாள் விசாரிப்பதில்லை. வெளியே வந்ததும், "மாட்டுச்சா?" என்பார். "இல்லக்கா, ஓடிப்போச்சி" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

திருவண்ணாமலையில், அடி அண்ணாமலைக்குப் போகும் பாதையில் இருக்கிறது இந்த முதியோர் இல்லம். தீபம் பார்க்க ஊரே கொள்ளாத கூட்டம் வரும். கலைந்த மறுநாள் கோபுரத்து ஓரத்தில் ஏழெட்டுக் கிழவர் கிழவிகள் மிச்சம் இருப்பார்கள். "இங்கியே குந்து, தோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளைகள் புண்ணியத்தோடு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அப்படி வந்தவர்களும் அனுப்பப்பட்டவர்களுமாக முப்பத்தெட்டுப் பேர். குளிப்பாட்ட, ஊட்ட, மலம் துடைக்க, தனத்தோடு சேர்த்து நான்கு ஆயாக்கள். வாரத்தில் ஏழு நாளும் வேலை. அவசரநிலைக் காலத்தில் மாட்டிய ‘உழைப்பே உயர்வு’ பலகையை இன்னும் யாரும் கழற்றவில்லை.

செயலாளர் அப்பாதுரை ஓய்வு பெற்ற சார்பதிவாளர். "இது வேலை இல்லம்மா, தொண்டு. தொண்டுக்கு ஏது லீவு?" என்பது அவர் வாக்கு. ஆயா பத்து நிமிடம் தாமதமாக வந்தால் மட்டும் அது வேலையாகிவிடும். அவருடைய தொண்டுக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு. கோடையில் பெங்களூரில் மகள் வீடும் உண்டு.

சந்திரம்மாள் பதினேழு வருடமாக இங்கே சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிறார். அவர் வந்த புதிதில் ஓர் ஆயா, சோற்றைத் துப்பிய கிழவியை அறைந்துவிட்டாள். அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். "அடிச்சது தப்புதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா மூணு ராத்திரி கண்ணு மூடாதவ அவ. அத யாரும் கேக்கலியே" என்கிறார். எலி பிறந்தது அதற்குப் பிறகுதான்.

யாருக்கு எப்போது எலி தேவை என்பது அவர் காதுக்குத் தெரியும். "ஊட்டும்போது கரண்டி பல்லுல இடிக்கிற சத்தம் ஜாஸ்தியா கேட்டுச்சின்னா, அவளுக்குப் பொறுமை கம்மியாயிட்டுதுன்னு அர்த்தம்." ஒவ்வொரு முறை எலி என்று சொன்னதும் மலைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பொய்க்கு மன்னிப்பாம். மலை மன்னித்ததா என்பது தெரியாது. ஆயாக்கள் தூங்கினார்கள் என்பது தெரியும்.

எலித் தொல்லை கேள்விப்பட்டுச் செயலாளர் இரண்டு பொறி வாங்கித் தந்தார். பிறகு ஒரு பூனையும் கொண்டுவந்தார். பூனையும் சாக்கில் படுத்துத் தூங்கியது. "பழைய எலிங்க சார். வெவரம் ஜாஸ்தி" என்றார் சந்திரம்மாள், முகம் மாறாமல்.

போன கார்த்திகையில் தீபத்துக்கு மறுநாள் ஒன்பது பேர் புதிதாக வந்து சேர்ந்தார்கள். ஆயாக்கள் இரண்டு நாளாகப் படுக்கவில்லை. மத்தியானம் தனத்தை எலி பார்க்க அனுப்பிய நேரத்தில் செயலாளர் நேரே வந்து கதவைத் தள்ளினார். தனம் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இதுதான் உங்க எலியா?"

"மெதுவா பேசுங்க சார், முழிச்சிக்கப்போறா."

"நாளையிலேருந்து இவ வர வேணாம். எழுந்ததும் சொல்லிடுங்க."

தனத்தின் புருஷன் இடுப்பு ஒடிந்து வீட்டில் கிடக்கிறான். அடுப்பு எரிவது அவள் ஒருத்தியால்தான். அது செயலாளருக்கும் தெரியும்.

சந்திரம்மாள் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி அவர் கையில் வைத்தார்.

"அப்ப ரெண்டு எலின்னு எழுதிக்கோங்க சார்."

கூடத்திலிருந்து, "ஆயா, தண்ணி" என்று ஒரு குரல் வந்தது. தொடர்ந்து இன்னொன்று. செயலாளர் கூடத்தைப் பார்த்தார். கையிலிருந்த சாவியைப் பார்த்தார். சொன்னதை மறுபடி சொல்லவில்லை.

பதினேழு வருடத்தில் பகலில் ஒருநாளும் படுத்தறியாத சந்திரம்மாள் உள்ளே போனார். தனத்தின் காலை மெல்ல நகர்த்தி இடம் செய்துகொண்டு படுத்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஒரு காலை நீட்டிக் கதவைத் தள்ளிச் சாத்தினார்.