பிசுபிசுத்த பிடி

இதில் ஒரு வரிகூட ஜோடனை இல்லை. 1991 நவம்பர், இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி. பட்டப்பகல்.

தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த கூடத்தில் ஞாயிறுதோறும் எங்கள் கம்ப்யூட்டர் கிளப் கூடும். எல்லோருக்கும் ஒரே ஆட்டத்தின்மேல்தான் பித்து. வரப்போகும் நூற்றாண்டில், கவசம் பூட்டிய வீரர்கள் எஃகுப் பந்துக்காக ஒருவரையொருவர் அடித்து வீழ்த்தும் ஆட்டம். அந்த ஞாயிறு கிளப் போட்டியில் ஜெயிப்பவன் அடுத்த ஞாயிறு லீட்ஸில் இறுதிப்போட்டிக்குப் போவான். மூன்று வருடமாக நான் முதல் சுற்றைத் தாண்டியதில்லை.

காலையில் பழைய சாமான் சந்தையில் ஆட்டத்தை இயக்கும் பிடியுள்ள ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கியிருந்தேன். இரண்டு பவுண்டு. விற்றவர், இறந்தவர்களின் வீடுகளைக் காலி செய்பவர். பிடி பிசுபிசுத்தது. ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தேன். காய்ந்துவிட்டது.

மதியம் 2.10. முதல் ஆட்டம். ஜெயித்தேன். உள்ளங்கை வழுக்கியது.

கிளப்பை நடத்தும் கிளைவ் பார்த்துவிட்டான்.

"டேய் பேரி, சிப்ஸ் தின்ன கையோட தொடாதேன்னு எத்தனை வாட்டிடா சொல்றது?"

"நான் சிப்ஸே தின்னலடா."

"அப்ப மூக்க நோண்டினியா? போய்க் கழுவு."

எல்லோரும் சிரித்தார்கள். கையை முகர்ந்தேன். கெட்டுப்போன இறைச்சி. அதன்மேல் ஒரு தித்திப்பு... மூன்று முறை சோப்புப் போட்டேன்.

2.40. இரண்டாவது ஆட்டம். பிடி சூடாக இருந்தது. நான் இடப்பக்கம் இழுக்க நினைக்கும்போதே அது சாய்ந்திருந்தது. ஜெயித்தேன்.

3.05. மூன்றாவது ஆட்டம். விரலில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. பாலாடைபோல் மெல்லியது. பழுப்பு நிறம். அதில் ரேகைகள் இருந்தன. கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன். ஜெயித்தேன்.

3.25. கடைசி ஆட்டம். எதிரில் கிளைவ்.

அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. கையை எடுத்துவிட்டேன்.

பிடி அசைந்தது.

டக்... டக்...

பொத்தான் தானாக அமுங்கியது. திரையில் என் வீரன் கிளைவின் வீரனைச் சுவரோடு மோதினான். கோல்.

எல்லோரும் திரையையே பார்த்தார்கள். என் கையை யாரும் பார்க்கவில்லை.

கம்பியைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

நான் கையைத் திரும்ப வைத்தேன்.

வழுவழுப்பு விரல்களுக்கு இடையே ஏறியது... நான் கையை எடுக்கவில்லை.

3.31. ஜெயித்தேன்.

கிளைவ் கைகுலுக்கிவிட்டுச் சட்டென்று உதறினான். "சீ! என்னடா கை இது, செத்த மீனாட்டம்? லீட்ஸுக்குக் கையுறை போட்டுட்டுப் போ."

சனிக்கிழமை, விற்றவரைத் தேடிப் போனேன்.

"அதுவா தம்பி... சொல்லிருக்கணும். அத வச்சிருந்த ஆளு டிவி முன்னாடி உக்காந்தபடியே போயிட்டாரு. பதினேழு நாளு யாருக்கும் தெரியல. நாத்தம் தாங்காம கதவ உடைச்சாங்க. விரலு அதோட ஒட்டிக்கிட்டு வரவேயில்ல."

"மெஷின் ஓடிட்டிருந்துச்சா?"

"ஆமா. இதே ஆட்டம்தான்."

"ஆட ஆள் இல்லேன்னா, மாதிரி காட்டுறதுக்கு அது தானா ஓடும்."

"நானும் அதான் சொன்னேன். கதவ உடைச்ச போலீஸ்காரரு இல்லேன்னாரு. அவரு பையனும் இதத்தான் ஆடுவானாம். மாதிரி இல்ல, நெசமான ஆட்டமே பாதி நடந்துட்டிருந்துச்சாம். எட்டிப் பிளக்கைப் பிடுங்குறதுக்குள்ள இன்னொரு கோல் விழுந்துச்சாம்."

எதிர்ச் சாரியில் கம்ப்யூட்டர் கடை. புது ஜாய்ஸ்டிக் ஒன்பது பவுண்டு. என்னிடம் இருபது இருந்தது. மறுநாள் லீட்ஸ்.

நான் வாங்கவில்லை.