கைக்கடிகாரம் கட்டிய சவாசனம்

யோகா டீச்சர் வேலையில் உடம்பை வளைக்க வைப்பது பெரிய விஷயமே இல்லை. கண்ணை மூட வைப்பதுதான் உயிர் போகிற வேலை. அதுவும் பெங்களூரில், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குள் போய். அல்சூரிலிருந்து மெட்ரோ பிடித்து, அந்தக் கம்பெனியின் ஐந்தாம் மாடியில் செவ்வாய், வியாழன் காலை ஒன்பது மணிக்கு வகுப்பெடுக்கிறேன். அடுத்தவர் நிம்மதிக்காகத் தன் நிம்மதியைத் தொலைத்த சக அவஸ்தைக்காரர்களே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

முதல் நாள்

பாயை விரித்தேன். இருபது பேர் வந்தார்கள், ஒருவரும் உட்காரவில்லை. "கம்பெனிக்கு நம்ம மேல திடீர்னு எதுக்குப் பாசம்?" என்று பின்னாலிருந்து ஒரு குசுகுசுப்பு.

சிரித்த முகமாக, "ஏதாவது சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றேன். முதுகுவலி, கழுத்துவலி என்று ஆரம்பிப்பார்கள் என நினைத்தேன். சுதாகர் என்கிற புரோகிராமர் கையைத் தூக்கினார்.

"மேடம், என் பழைய கம்பெனில யோகா ஆரம்பிச்ச மூணாவது மாசம் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உங்களை எத்தனை மாசத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க?"

நடந்தது யார்?

ஆரோக்கியத்துக்காக என்று கம்பெனி எல்லோருக்கும் ஒரு ஸ்மார்ட் வாட்ச் கொடுத்தது. நடை, தூக்கம், நாடித்துடிப்பு, மன அழுத்தம் எல்லாவற்றையும் அது கண்காணிக்கும். வாரா வாரம் அதிகம் நடந்தவர்கள் பெயர் வரவேற்பறைத் திரையில் ஓடும். நாற்காலியை விட்டு அசையாத மகானுபாவர்கள் எல்லாம் முதல் வரிசையில் இருந்தார்கள். எனக்கு அப்போதே உதைத்தது.

ஒருநாள் காலை சீக்கிரமே போய்விட்டேன். அத்திபெலேயிலிருந்து வரும் செக்யூரிட்டி முனுசாமி அண்ணன் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஆறு வாட்ச்.

"என்னண்ணா இது?" என்றேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஆறு பேர் நடந்து முடிச்சாச்சு மேடம். கால் மட்டும் எனக்குத்தான் வலிக்குது."

ஆடும் கை

சவாசனத்தில் எல்லோரும் பிணம்போலக் கிடக்க வேண்டும். அதுதான் இலக்கணம். சுதாகரின் இடது கை மட்டும் அரை நிமிஷத்துக்கு ஒருமுறை வெடுக் வெடுக்கென்று ஆடியது. நரம்புத் தளர்ச்சியோ என்று பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்டேன். கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது.

"அசையாம படுத்தா தூங்கறேன்னு இந்த வாட்ச் எழுதிக்குது மேடம். ஆபீஸ்ல தூங்கினான்னு ரிப்போர்ட் போச்சுன்னா நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"

கண்ணாடி அறை

ரேவதி அங்கே டீம் லீடர். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் பாயைச் சுருட்டுகிற சாக்கில் என்னிடம் வந்தாள். ஆறு மாதமாகத் தூக்கமே இல்லையாம். போனை அணைத்தாலும் காதுக்குள் அது அடித்துக்கொண்டே இருக்கிறதாம். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது என்றாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே எச்.ஆர். பெண்மணி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "யாருக்கு டென்ஷன் அதிகம்னு ஒரு லிஸ்ட் குடுங்க மேடம், அவங்களை ஸ்பெஷலா கவனிச்சுக்கலாம்" என்றார், தேன் ஒழுக. "எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க" என்று தலையாட்டிச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். ஆனால் அந்த அறைக்குச் சுவரெல்லாம் கண்ணாடி. நான் தலையாட்டியதை அந்த மாடியே பார்த்திருந்தது. சொன்னதுதான் யாருக்கும் கேட்கவில்லை.

அடுத்த வகுப்புக்கு நாலே பேர். ரேவதியை லிஃப்ட் வாசலில் பிடித்தேன். "நான் ஒண்ணுமே சொல்லலம்மா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த போனையே பார்த்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் சொன்னது அப்படி:

"எல்லாரும் அதைத்தான் மேடம் சொல்றாங்க."

முறுக்கு டப்பா

வியாழக்கிழமை வீட்டிலிருந்து பெரிய முறுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். வகுப்பு வாசலுக்கு வெளியே வைத்து, எல்லோர் கண்ணெதிரிலும் என் போனை முதலில் போட்டேன். "வாட்ச், போன் எல்லாம் இதுல. அப்புறம் உள்ள வாங்க." முதல் வாரம் ஆறு பேர் போட்டார்கள். பிறகு பத்து, பிறகு பதினெட்டு. மூன்றாவது வாரம் ரேவதி வந்தாள். கதவோரமாக, ஓடத் தோதான இடத்தில் பாய் விரித்தாள்.

சவாசனம். ஐந்து நிமிஷம் போயிருக்கும், ஒரு குறட்டைச் சத்தம். சாதாரணக் குறட்டை இல்லை, மரம் அறுக்கிற குறட்டை. எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ரேவதி!

அந்த நேரம் பார்த்து எச்.ஆர். பெண்மணி கதவைத் திறந்தார். "என்ன மேடம், இந்த டீம்ல ஒருத்தருக்கும் பல்ஸ் காட்டலையே?" சுதாகர் உதட்டில் விரலை வைத்து, ரேவதியைக் காட்டினார். அந்த அம்மாள் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். பாவம் பார்த்துப் போனாரா, பெயரைக் குறித்துக்கொள்ளப் போனாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

மணி பத்தானது. எல்லோருக்கும் மீட்டிங் இருந்தது. ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. பத்தேகாலுக்கு ரேவதி திடுக்கிட்டு உட்கார்ந்தாள். முகம் குழந்தை முகமாக உப்பியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளோ தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, மிரள மிரளப் பார்த்து, "யாரும் பாக்கலையே?" என்றாள்.

சுதாகர் சோம்பல் முறித்தார்.

"எதை ரேவதி? நாங்களே இப்பதான் கண்ணு முழிச்சோம்."

இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் மூச்சு விடச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் இந்த ஊரில் அதையும் யாராவது எண்ணுகிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நானே விடுகிறேன்.