கார்னீஸ் வேலைக்குத் தர்மபுரி போனோம்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன், அதுவும் சின்ன வயதில் கோலார் தங்கவயலில். நடுநடுவே மறந்தும் போகிறது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை. பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் வீட்டுக்கு உபதேசியார் வந்தார். "தர்மபுரி மாதா கோயில் சாமியாரு சொல்லியனுப்பினாருங்க. சீமையிலிருந்து ஒரு அம்மா வந்து கார்னிஷ் பத்தி விசாரிக்கறாங்களாம். கோலார்ல இருந்தவங்க நாளைக்கே வரணும். வியாழக்கெழம அந்தம்மா கெளம்பிடுவாங்க."

என் கொழுந்தன் சூசை கொத்தனார். சுவர் உச்சியில் நீட்டிக் கட்டுகிறோமே, அந்தக் கார்னீஸ்தான் அவனுக்குத் தெரியும். "கோயிலுக்குக் கோலாரு பங்களா மாதிரி கார்னீஸ் வேணும்போல, அண்ணி. அது எப்படி இருந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றான்.

புதன்கிழமை காலை. பொம்மிடிக்குப் பஸ், ஆளுக்கு நாற்பது காசு. சூசை கரணையும் மட்டப்பலகையுமாக ஏறினான். "கொத்தனாரே, பலகைக்கு டிக்கெட் போடட்டுங்களா? ஒங்கள விட அதுதான் அதிக எடத்தப் புடிக்குது" என்றார் கண்டக்டர். எல்லாரும் சிரித்தார்கள். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

பொம்மிடியில் பாசஞ்சர் வண்டி. ரயில் ஏறி எத்தனையோ வருடம் ஆயிற்று. கரித்தூள் கண்ணில் விழுந்தும் சன்னலை விட எனக்கு மனசு வரவில்லை. மொரப்பூரில் இறங்கித் தர்மபுரி பஸ். புளி உலுக்குகிற காலம். வழியெல்லாம் மரத்தடியில் பெண்கள் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கோலாரை நினைத்தால் அப்பா நினைவு வரும். கூடவே ஒரு வருத்தமும் வரும். அப்பா சுரங்கத்தில் சாப்பிடும்போது கடைசித் துண்டுக் களியைப் பாறை இடுக்கில் வைத்துவிடுவாராம். கேட்டால் "நாகருக்கு" என்பார். வேலையை விட்டு ஊருக்கு வந்து கிணறு வெட்டியபோதும் அதே பழக்கம். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன் பாம்புக்குப் படைக்கிறான் என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். அவர் செத்தும் பேச்சு சாகவில்லை. சூசையின் பெண்டாட்டி இன்றைக்கும் சண்டை வந்தால் என்னைப் "பாம்புக்குப் படைச்சவன் மவ" என்றுதான் திட்டுவாள்.

மத்தியானம் தர்மபுரி போய்ச் சேர்ந்தோம். சாமியார் வீட்டில் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மா உட்கார்ந்திருந்தார். சூசை பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "எத்தனை அடிக்குங்க கார்னீஸு?" என்று கேட்டான். சாமியார் சிரித்தார். "அது கட்டடம் இல்லப்பா. கார்னிஷ்னா ஒரு சனம். சீமையில மேற்குக் கோடியில, கடலோரமா இருக்கறவங்க. தகரச் சுரங்கம் வெட்டினவங்க, கோலாருக்கும் வந்து வேலை செஞ்சாங்க."

"இங்கிலீஷ்காரங்கதானுங்களே, சாமி?" என்றேன் மெதுவாக. சாமியார் அதை இங்கிலீஷில் சொன்னதும் அந்த அம்மா வேகமாக மறுத்துத் தலையாட்டினார். இங்கிலீஷ்காரர் இல்லையாம். தனிப் பாஷை இருந்ததாம். பேச ஆளில்லாமல் போனதை இப்போது திரும்பப் படிக்கிறார்களாம். போன இடங்களில் தங்கள் சனத்தின் பழக்கம் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடி வந்திருக்கிறார்.

என்னிடம் இருந்தது ஒரே சேதி, அப்பாவுடைய பழக்கம். அதைச் சாமியார் முன்னால் எப்படிச் சொல்வது? வியாழக்கிழமை இந்த அம்மா போய்விடுவார். அது இவர்கள் சனத்தின் பழக்கமா என்று அப்புறம் யாரிடம் கேட்பேன்?

"தப்பா எடுத்துக்காதீங்க, சாமி. எங்கப்பா ஒரு துண்டுக் களிய எப்பவும் நாகருக்குன்னு வெப்பாரு..."

சாமியார் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "நாக்கர்?" என்று கேட்டு, மேசையை விரல் முட்டியால் டக் டக்கென்று தட்டினார். மறுபடி என் முகத்தைப் பார்த்துத் தட்டினார்.

சாமியார் கேட்டுச் சொன்னார். "பாறைக்குள்ள குட்டி மனுசங்க இருக்காங்கன்னு அந்தச் சனம் நம்புமாம். பாறை சரியப் போறப்போ தட்டி எச்சரிப்பாங்களாம். தட்டறவங்க, இங்கிலீஷ்ல அதான் நாக்கர். அவங்களுக்குத்தான் சாப்பாட்டுல கடைசித் துண்டு. உங்கப்பா கூட வேலை பாத்த தொரைங்க கிட்ட கத்துக்கிட்டிருக்காரு."

"அப்ப பாம்பு இல்லீங்களா, சாமி?"

"பாம்பு இல்லம்மா."

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். வெட்கத்தை மறந்து அன்றைக்குப் பொழுது சாய்கிற வரை பேசினேன். சாமியாருக்குத்தான் வாய் வலித்திருக்கும்.

திரும்பும்போது சூசை பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மொரப்பூர் வந்ததும், "வூட்டுல நான் சொல்லிக்கறேன், அண்ணி" என்றான்.

"வேணாம். நானே சொல்றேன்."

சொன்னேன். அவன் பெண்டாட்டி முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப இனிமே ஒங்கள என்னான்னுதான் திட்டறது?" என்றாள்.

கட்டணத்தையும் ரயில் விவரத்தையும் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். நாக்கர் என்பதில் இருக்கிற 'க்' மட்டும் என் எழுத்துப் பிழை இல்லை. அதை எடுத்துவிடாதீர்கள்.