ஹரி ஹரி மின்யாக் தம்பா

போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் பின்னால் நின்ற ஒரு லாரிக்கு அடியில் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. என் கை சும்மா இருக்கவில்லை. குனிந்து, விரலில் தொட்டு, மோந்து பார்த்துவிட்டேன். ஐஸ் கரைந்து ஒழுகுகிற மீன் தண்ணீர். கீரைக்கட்டோடு வந்த என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"மோந்தாச்சா? என்ன மீனுன்னு சொல்லுங்க, வாங்கிடலாம்."

சாங்கி விமான நிலையத்தில் சரக்கு வண்டி இழுக்கிற வேலையில் இருக்கிறேன். அங்கே இப்போது எல்லாம் பேட்டரி வண்டிகள், ஒன்றும் ஒழுகுவதில்லை. ஆனாலும் வண்டியை எடுக்கும் முன் கீழே குனிந்து ஒரு பார்வை பார்ப்பேன். "அங்கிள் காசு தேடுறார் லா" என்று பையன்கள் சிரிப்பார்கள். காரணம் சொல்ல ஆரம்பித்தால் சிங்கப்பூரின் மறுகோடியில், லிம் சூ காங் பண்ணைகள் வரைக்கும் போக வேண்டும். உங்களுக்கு நேரம் இருக்கும் என்ற நம்பிக்கையில் போகிறேன்.

உயர்நிலை இரண்டோடு படிப்பு நின்றுவிட்டது. நான் அதை விட்டேனா, அது என்னை விட்டதா என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. கப்பல் பட்டறையில் துரு சுரண்டினேன், ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தேன், மோட்டார் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். ஒரு தீபாவளி பார்த்த இடத்தில் அடுத்த தீபாவளி பார்த்ததில்லை. அப்படி அலைந்ததில்தான் அந்தக் காய்கறிப் பண்ணைக்கு லாரி ஓட்டப் போய்ச் சேர்ந்தேன். தங்கல் தகரக் கொட்டகையில். மழை வந்தால் ஒரு பக்கம் நனையும், மறுபக்கம் படுத்துக்கொள்வோம்.

பண்ணையில் ஒரு பழைய டிராக்டர் இருந்தது. முதலாளியை எல்லாரும் தவுக்கே என்போம். ஜொகூர் ரப்பர் தோட்டம் ஒன்றில் ஓடி ஓய்ந்த அதை தவுக்கேயின் அப்பா வாங்கி வந்தாராம். சாம்பல் வண்ணம், துருவேறிய மூக்கு. ஓட்டியவன் மன்னார்குடிக்காரன் ஜெயபால். டிராக்டரை அவன் தாத்தா என்றுதான் சொல்வான். அவன் முதல் தடவை சிங்கப்பூர் வந்தபோது கம்பெனி மூடிப் போய், வந்த சூட்டோடு திரும்பியிருந்தான். அன்றிலிருந்து ஊரில் அவனுக்கு 'ரிட்டன் ஜெயபால்' என்று பெயர்.

"இன்னொரு தடவை போனேன்னு வைங்க, என் புள்ளைக்கும் அதான் இனிஷியல்" என்பான்.

தாத்தா ஒழுகியது. பண்ணைக்கால்வாய்த் தண்ணீர் கடைசியில் குடிநீர்த் தேக்கத்துக்குப் போகும். ஒரு நாள் மழைக்குப் பிறகு அதில் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. சோதனைக்கு வந்த இளம் அதிகாரி குரல் உயர்த்தவில்லை. அடுத்த முறை வரும்போது வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு இருந்தாலும் வண்டி வெளியே போக வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தவுக்கே ஜெயபாலைப் பார்த்து மலாயில் சொன்னார்: டிராக்டர் போனால் ஜெயபால் பாலிக். பாலிக் என்றால் ஊர் திரும்புவது. அந்தச் சொல்லை மட்டும் அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் தாத்தாவுக்கு அடியிலேயே கிடந்தோம். எஞ்சினும் கியர்பெட்டியும் சேருகிற இடத்தில், அடிவயிற்றில் ஒரு சின்னத் துளை உண்டு. இரண்டில் எது கசிந்தாலும் அதன் வழியாகத்தான் சொட்டும், அதனால் எதன் சொட்டு என்று முகர்ந்துதான் சொல்ல வேண்டும். கியர் எண்ணெய் என்றால் தேன் நிறம், கெட்ட முட்டை வாடை. எஞ்சின் எண்ணெய் என்றால் கறுப்பு. எங்களுக்குச் சொட்டியது கறுப்பு, ஆனால் தண்ணீர் போல ஓடியது. டீசல் வாடையும் அடித்தது. அங்கே சோற்றிலும் டீசல் வாடைதான் அடிக்கும் என்பதால் அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எஞ்சினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஜெயபால் தன் முகப்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து மேலெல்லாம் தூவினான். கசிகிற இடத்தில் பவுடர் கறுக்கும், அதுதான் கணக்கு.

"தாத்தாவுக்குப் பொண்ணு பாத்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார் சமையல்காரர்.

கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று எல்லாப் பக்கமும் கறுப்புக் கோடு. ஜாலான் புசாரில் உதிரிப்பாகம் விற்கும் நாகூர் பாயிடம் போய், மூட்டுகளில் கசிவை அடைக்கிற சீல்கள் வாங்கி வந்தேன். "இன்னுமா ஓடுது இது? மியூசியத்துல கேட்டா தராதீங்க தம்பி, கூட வெல சொல்லுங்க" என்றார். மாற்றினோம். ஒழுகியது. திரும்பவும் பிரித்து மாட்டினோம். கொஞ்சம் கூடுதலாக ஒழுகியது.

ஒரு காலையில் லாரியில் கீரை ஏற்றிக்கொண்டிருந்தபோது தவுக்கே வழக்கம்போல ஜெயபாலிடம் எண்ணெய் பார்த்தாயா என்று கேட்டார். அவனும் வழக்கம்போலப் பதில் சொன்னான்.

"ஹரி ஹரி மின்யாக் தம்பா, தவுக்கே."

"பாகூஸ், பாகூஸ்" என்றார் அவர். நல்லது, நல்லது.

கேட்க பஜனைப் பாட்டு போல இருக்கும். ஹரி ஹரி என்றால் தினமும், மின்யாக் என்றால் எண்ணெய். நான் சும்மாதான் கேட்டேன்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு ஊத்துறே?"

"எதை ஊத்துறேன்?"

"ஆயிலத்தான். தம்பான்னு சொன்னியே."

"நான் எதுக்குண்ணே ஊத்தணும்? அளவுக்கம்பிய விட்டுப் பாத்தா அதுவாத்தான் ஏறிக்கிட்டே இருக்கே. வந்ததுலேருந்து தெனமும் சொல்றேன், அவரு பாகூஸ்ங்கறாரு. சரி, இந்த ஊரு வண்டிக்கு அதான் நல்லது போலன்னு நெனச்சேன்."

கீரைக்கூடையைக் கீழே வைத்துவிட்டேன். தம்பா என்ற சொல்லுக்குக் கூடுகிறது என்றும் பொருள், சேர்க்கிறேன் என்றும் பொருள். நாங்கள் பேசுகிற சந்தை மலாயில் இரண்டும் ஒன்றுதான். எண்ணெய் தினமும் கூடுகிறது என்று இவன் சொல்லியிருக்கிறான். தினமும் ஊற்றுகிறேன் என்று அவர் கேட்டிருக்கிறார். பொறுப்பான பையன் என்று சந்தோஷமும் பட்டிருக்கிறார்.

ஒழுகுகிற வண்டியில் எண்ணெய் ஏறுகிறது என்றால் உள்ளே வேறொரு கசிவு இருக்கிறது. டீசல் பம்பைக் கழற்றினோம். அதற்குள் இருந்த ரப்பர் தகடு கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல் வழியாக டீசல் எஞ்சினுக்குள் இறங்கி, எண்ணெயோடு கலந்து, நிரம்பி வழிய இடம் தேடி எல்லா மூட்டிலும் வெளியே வந்திருக்கிறது. நாங்கள் வெளியே அடைக்க அடைக்க உள்ளே ஊறியிருக்கிறது. பாய் ஒரு லாரி பம்பின் தகட்டைத் தேடிக் கொடுத்தார். பொருந்தியது. கறுப்புத் தண்ணீரை வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றினோம். மிச்சமிருந்த பவுடரையும் தூவினோம்.

பவுடர் வெள்ளையாகவே இருந்தது. ஜெயபால் தாத்தாவின் மூக்கைத் தட்டிக் கொடுத்தான். அந்த வாரம் முழுக்கப் பாடிக்கொண்டே உழுதான்.

பிறகு எஞ்சினுக்குள் ஒரு சத்தம் ஆரம்பித்தது. யாரோ அறைக்கதவை உள்ளிருந்து தட்டுவது போல. டீசல் கலந்து நீர்த்துப்போன எண்ணெயிலேயே அத்தனை காலம் ஓடியதில் உள்ளே பேரிங்குகள் தேய்ந்திருந்தன. அது எனக்குத் தெரிந்தது, ஆனால் தெரிந்ததை வைத்துச் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. சாய் சிம் கீரைப் பாத்திக்கு நடுவில் தாத்தா நின்றது. திரும்பக் கிளம்பவில்லை. கயிறு கட்டி லாரியால் இழுத்து வந்து கொட்டகையில் விட்டேன். தவுக்கே திட்டவில்லை. பண்ணை நிலத்தின் குத்தகை முடிய அதிக காலம் இல்லை, இனி கையால் தள்ளுகிற சின்ன உழவு இயந்திரம் போதும் என்றார். அதைத் தள்ள அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தது.

அதிகாரி சொன்னபடி வந்தார். தரையில் படுத்து, விளக்கடித்துப் பார்த்து, அடித்துளையில் டிஷ்யூ காகிதத்தை வைத்து ஒற்றி எடுத்தார். காகிதம் சுத்தமாக இருந்தது. மிகவும் திருப்தி என்றார். இவ்வளவு பழைய வண்டியை இப்படிப் பராமரித்தது யார் என்று கேட்டார். தவுக்கே ஜெயபாலைக் கை காட்டினார். அதிகாரி அவன் கையைக் குலுக்கினார். அவனுடைய பயணச்சீட்டு ஏற்கெனவே வந்திருந்தது.

காய்கறி லாரியில்தான் அவனை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனேன். பாதி வழியில் அவன் கேட்டான்.

"ஏன்ணே, அதுவா ஏறுதுங்கறதுக்கு மலாயில என்னதான் சொல்லணும்?"

"நாயிக். மின்யாக் நாயிக்."

"நாய்க்கா?"

"நாயிக்."

சொல்லிச் சொல்லிப் பார்த்தான். பெட்டியை இறக்கும்போது சரியாகவே வந்துவிட்டது.

பண்ணை இப்போது இல்லை. அந்தச் சாலையே விமானப்படைத் தளத்தின் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. தாத்தாவை அறுத்து எடுத்துக்கொண்டு போனார்கள். தவுக்கே தன் மகன் வீட்டுக்குப் போய் அங்கேயே காலமானார். இப்போது கீரையைக் கட்டடத்துக்குள், மண்ணே இல்லாமல், விளக்கு வெளிச்சத்தில் வளர்க்கிறார்களாம். முதலாளியும் ஆளும் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பேசிக்கொள்கிறார்களாம். ஜெயபால் கற்றுக்கொண்டு போன அந்த ஒரு சொல்லை மன்னார்குடியில் யாரிடம் சொல்லியிருப்பான் என்று தெரியவில்லை.