டிரெட்மில்லில் நாலு நிமிடம்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பதினாறு வருடமாக மூட்டை தூக்கி மிஷினில் கொட்டும் வேலை. எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். தலைவலித்தால் மூளையில் கட்டி, கால் மரத்துப்போனால் பக்கவாதம். இதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரிப்பார்கள்.

அதனால்தான் அன்று காலை, வேலை நேரத்தில் எனக்கு நெஞ்சை அடைத்தபோது யாரும் நம்பவில்லை. அதே கம்பெனியில் இருக்கும் என் மனைவியின் அண்ணனிடம் போய் நின்றேன்.

"மச்சான், நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

"போன மாசம் கிட்னி போச்சுன்ன. அதுக்கு முந்தி கண்ணு. இப்ப நெஞ்சா? வாயு மாப்ள. ஒரு சோடா அடி, ஏப்பம் வந்தா சரியாப் போயிரும்."

எலுமிச்சையும் உப்பும் போட்டு இரண்டு சோடா குடித்தேன். ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. பிறகு பைக்கில் ஏற்றி, சுளுக்கு வழிப்பவர் ஒருவரிடம் கூட்டிப்போனார். அவர் முதுகில் எண்ணெய் தேய்த்து முழங்காலால் அமுக்கினார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. "வாயு இறங்குது பாருங்க" என்றார். மச்சான் தலையாட்டினார். நானும் பேசாமல் கிடந்தேன். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். ஆயுசு முழுக்கப் பயந்தவன், பயப்பட வேண்டிய ஒரு நாளில் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். சாயங்காலம் மயங்கி விழுந்த பிறகுதான் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மாரடைப்பு என்றார்கள். பிழைத்தேன். இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பலாம் என்று போனால், டாக்டர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். டாக்டர், டிரெட்மில்லில் நடக்கவிட்டு இசிஜி எடுக்க வேண்டும் என்றார்.

நெஞ்சு முடியைச் சிரைத்து வயர்களை ஒட்டினார்கள். பெல்ட் ஓடத் தொடங்கியது. நான் தூக்கின மூட்டைகளுக்கு முன்னால் இந்த நடை எம்மாத்திரம் என்று நினைத்தேன். மூன்றாவது நிமிடத்தில் மூச்சு வாங்கியது. நாலாவது நிமிடத்தில் டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றார்.

உட்காரவைத்துத் தாளைக் காட்டினார். "நடக்க நடக்க இந்தக் கோடு கீழ இறங்குது பாருங்க. இதயத்துல மிச்சமிருக்கிற சதைக்கே ரத்தம் பத்தலை. ஒரு பக்கத்துச் சதை முன்னாடியே செத்துப்போச்சு. அது திரும்ப வராது."

"அன்னைக்குக் காலைலயே வந்திருந்தா, சார்?"

"நெறைய மிஞ்சியிருக்கும்" என்றார். இன்னொரு அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். மூட்டை தூக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே மச்சான் காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பயந்துருப்ப மாப்ள. பயந்தா மிஷின் அப்பிடித்தான் காட்டும். வேற எடத்துல எடுத்துப் பாப்போம்."

"சதை செத்துப்போச்சு மச்சான். அந்தாளு என் முதுகுல ஏறி அமுக்குனாருல்ல, அன்னைக்கே செத்துப்போச்சு."

அவர் பைக் சாவியை எடுத்தார். "டீ சாப்புடுறியா?" என்று கேட்டார்.

தாளைக் கம்பெனியில் கொடுத்தேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை எதுவும் இல்லை என்றார்கள். அடுத்த வாரம் என் வேலைச் சட்டையையும் சாப்பாட்டுத் தூக்கையும் மச்சான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"ஒன் எடத்துக்கு வேற ஆளப் போட்டுட்டாய்ங்க" என்றார். பிறகு தோளைத் தட்டி, "கவலப்படாத மாப்ள" என்றார்.